இல்லம் பேணுவோம்: காலடித் தரைக்கு வர்ணம்



கிறிஸ்து பிறப்புத் திருநாள் நெருங்குகிறதென்றால் நம் இல்லங்களில் ஒரு பரபரப்பு உண்டாவது வழக்கம். சுவருக்கு வெள்ளை, கதவுக்கு வர்ணம், வாசலுக்கு நட்சத்திர விளக்கு, கூடத்து மூலையில் குடில் என ஒவ்வொன்றாக முடித்துவிட்டு நிமிரும்போது, நம் கண் கடைசியாகத் தரையின்மேல் விழுகிறது. ஆண்டு முழுவதும் நம்மைச் சுமந்த அந்தச் சிமெண்டுத் தரை அங்கங்கே கறைபட்டு, வெளிறி, மயிரிழை விரிசல்களோடு கிடக்கிறது. சுவரெல்லாம் புதுமை பூண்டிருக்க, தரை மட்டும் பழையதாய்க் கிடப்பது உறுத்துகிறது. "இரண்டு டப்பா வர்ணம் வாங்கி இதற்கும் பூசிவிட்டால் என்ன?" என்ற எண்ணம் எழுகிறது. அந்த எண்ணத்தைப் பற்றியே இத்திங்கள் சில சொல்ல விழைகிறோம். ஏனெனில் அது எம்மை எங்கே கொண்டுபோய் விட்டதென்பதை நாம் மறப்பதற்கில்லை.

நாம் வாழ்வது முத்துக்குளித்துறைக் கரையோர ஊர்களுள் ஒன்று. எம் இல்லத்துக் கூடம் 10 அடிக்கு 12 அடி. அதன் கிழக்குச் சுவரில் வீட்டுப் பீடம். பீடத்தின் முன்தான் அன்றாடம் குடும்ப செபமாலை. 2018-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னதாக, வெளியே மழை தூறிக்கொண்டிருந்த வேளையில், அக்கூடத்துத் தரைக்கு வர்ணம் பூசினோம். எண்பதைக் கடந்த எம் அன்னையார், "பழைய தரையே போதுமேய்யா, அதுல கால் பிடிக்குதுல்லா" என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னார்கள். முதியோருக்கு மாற்றம் பிடிப்பதில்லை என்று நாம் அதனைச் செவியில் வாங்கவில்லை.

திருநாளன்று தரை கண்ணாடிபோல் மின்னியது. வந்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். புத்தாண்டு பிறந்து மூன்றாம் நாள், சாரல் அடித்து வாசற்படியருகே தண்ணீர் நின்றது. வர்ணம் பூசாத பழைய தரையாயின் அந்நீர் ஒரு கறையாய்த் தெரிந்திருக்கும். மினுமினுத்த தரையில் அது தெரியவேயில்லை. அன்னையார் வழுக்கி விழுந்தார்கள். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் செபமாலையை மறு கையால் உருட்டியபடி கட்டிலிலேயே இருந்தார்கள்; எம்மைக் குறைகூறி ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இதற்கிடையில் வர்ணமும் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. சனவரி முடியுமுன்னே அது உப்பி, அப்பளம்போல் எழும்பி, துடைப்பம் பட்ட இடமெல்லாம் செதில் செதிலாய் உரிந்தது. முதன்முதலில் எங்கே உரிந்தது தெரியுமா? வேறெங்குமன்று, பீடத்தின் முன்னால்தான்!

எம் பங்கைச் சேர்ந்த முதிய கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் குந்தியமர்ந்து, நகத்தால் ஒரு செதிலைப் பெயர்த்துப் புரட்டிப் பார்த்தார். அதன் அடிப்பக்கம் வெண்மையாய், வழவழப்பாய் இருந்தது. "அண்ணாச்சி, நீங்க தரைக்குப் பெயிண்ட் அடிக்கலை, மெழுகுக்கும் தூசிக்கும்லா அடிச்சிருக்கீங்க" என்றார். பல ஆண்டுகளாய்ப் பீடத்திலிருந்து சொட்டிய மெழுகுதிரியின் மெழுகும், விளக்கின் தேங்காயெண்ணெயும் அவ்விடத்துத் தரையில் ஊறிப்போயிருந்தன. அதன்மேல் எந்த வர்ணமும் ஒட்டாதென்பதை அறியாமற் போனோம்.

அவர் சொல்லிக் கொடுத்தவற்றையும், பின்னர் நாம் படித்தும் பட்டும் அறிந்தவற்றையும் கீழே முறைப்படுத்தித் தருகிறோம். எம் பிழை உங்களுக்குப் படிப்பினையாகட்டும்.

பூசத்தான் வேண்டுமா?

முதற்கேள்வி இதுவே. நம் தந்தையர் காலத்து வீடுகள் சிலவற்றில் சிமெண்டோடு காவிப்பொடி கலந்து, கரண்டியால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றிய சிவப்புத் தரை உண்டு. அது இரும்பின் ஆக்சைடு என்னும் நிறப்பொடியால் வந்த சிவப்பு, வெயிலுக்கும் வெளுக்காது. அத்தகைய தரை உங்களுக்கு வாய்த்திருந்தால் அதன்மேல் வர்ணம் பூசுவது அறிவுடைமையன்று. மெருகேறிய அம்மேற்பரப்பில் வர்ணம் பிடிக்கவும் செய்யாது. நன்றாகக் கழுவி உலரவிட்டு, மிகச் சிறிதளவு தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, மிகுதியைச் சுத்தமாகத் துடைத்தெடுத்தால் பழைய ஒளி மீளும். துடைக்காமல் விட்டால் அதுவும் வழுக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடையில் போய் "ரெட் ஆக்சைடு" என்று கேட்டால் இரண்டு வேறு பொருள்கள் உண்டு. ஒன்று, மேற்சொன்ன காவிப்பொடி. மற்றொன்று, சன்னல் கம்பிக்கும் இரும்புக் கதவுக்கும் துருப்பிடிக்காதிருக்க முதலில் பூசும் அடிவர்ணம். பெயர் ஒன்றாயிருப்பதால் இரண்டும் ஒன்றென மயங்கி, நாம் இரும்புக்குரியதை வாங்கிவந்து சிமெண்டுத் தரையில் பூசி, அதன்மேல் மரக்கதவுக்குரிய எண்ணெய் எனாமலையும் பூசினோம். கடைக்காரர்மேல் குற்றமில்லை, எதற்கென்று நாம் சொல்லவில்லை.

எண்ணெய் எனாமல் ஏன் சிமெண்டில் நிலைப்பதில்லை? சிமெண்டு நீரோடு சேர்ந்து இறுகும்போது அதனுள்ளே சுண்ணாம்புக் காரம் உண்டாகிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்னவாகும் என்பதைச் சவர்க்காரம் காய்ச்சியவர்கள் அறிவார்கள். தரையில் ஈரமும் இருந்துவிட்டால் அந்தக் காரம் வர்ணத்திலுள்ள எண்ணெயைத் தாக்கி, அடியிலேயே சவர்க்காரமாக்கிவிடுகிறது. செதிலின் அடியில் நாம் கண்ட வழவழப்பில் இதற்கும் ஒரு பங்குண்டு.

ஈரத்தை அறிதல்

புதிதாய்ப் போட்ட கான்கிரீட் தரையானால் குறைந்தது ஏழு நாள் நீர்கட்டி நனைக்க வேண்டும். அதன்பின்னும் உலர விட்டு, போட்ட நாளிலிருந்து 28 நாளாவது கழியாமல் வர்ணத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கான்கிரீட்டின் வலிமையைப் பொறியாளர்கள் கணக்கிடுவதும் அந்த 28 நாளை வைத்தே.

பழைய தரையானாலும் அது உள்ளுக்குள் உலர்ந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் அறிய இயலாது. அதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. ஒன்றரை அடிச் சதுரமுள்ள கனத்த பிளாஸ்டிக் தாளைத் தரைமேல் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி அரும்பியிருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ அடியிலிருந்து ஈரம் ஏறுகிறதென்று பொருள். கூடத்தின் நடுவில் ஒன்று, வெளிச்சுவர் ஓரத்தில் ஒன்று, குளியலறைப் பக்கம் ஒன்று என மூன்றிடத்தில் செய்வது நலம்.

ஈரம் இருந்தால் அதன் மூலத்தைத் தேடுங்கள். குழாய் கசிகிறதா? வெளியே தெரு மண் உயர்ந்து, வீட்டுத் தரை மட்டத்துக்கு மேலே வந்துவிட்டதா? கூரை நீர் சுவரடியிலேயே விழுகிறதா? கடலோர ஊர்களில் இவ்வீரம் உப்பையும் சுமந்துகொண்டு வருகிறது. ஈரம் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மேலே வெண்பொடியாய்ப் பூக்கிறது. இதனை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளுவதே முறை. தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் தரைக்குள்ளேயே இறங்கிவிடும்.

இப்போது ஓர் உண்மை விளங்கும். நம் கரையோரத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தரை ஆண்டிலேயே மிகுதியாய் நனைந்திருக்கும் நாள்களில்தான் கிறிஸ்துமஸ் வருகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். தரைக்கு வர்ணம் பூசுவதற்கு அதைவிடத் தகாத காலம் வேறில்லை. மாசியும் பங்குனியுமே அதற்கு ஏற்றவை. அவை பெரும்பாலும் நம் தவக்காலத்தோடு இணைந்து வருகின்றன. ஆகவே எம் அறிவுரை: சுவர் கிறிஸ்துமஸுக்கு, தரை உயிர்ப்புத் திருநாளுக்கு.

துப்புரவு

இவ்வேலையில் முக்காற்பங்கு துப்புரவுதான். வர்ணம் பூசுவது எஞ்சிய காற்பங்கே. உரிந்த பழைய வர்ணத்தைத் தட்டைக் கரண்டியால் சுரண்டி எடுங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். பழைய வர்ணங்களில், சிறப்பாக மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் கலந்திருக்கக்கூடும். அத்தூசி தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குள் போனால் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக்கூடாதென்று 2016-ஆம் ஆண்டில் விதி இயற்றப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியதை ஐயத்தோடே அணுகுங்கள். சிமெண்டுத் தூசியும் நுரையீரலுக்குப் பகை. எனவே நீர் தெளித்து, நனைத்தபடியே தேய்த்து, சேற்றை ஈரத்துணியால் வழித்தெடுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அவ்வேலை முடியும்வரை குழந்தைகள் பாட்டி வீட்டிலிருக்கட்டும்.

மெழுகுக்கு ஒரு வழி: முதலில் மழுங்கிய கத்தியால் சுரண்டுங்கள். பின் பழுப்புக் காகிதத்தை அவ்விடத்தில் விரித்து, அதன்மேல் மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வையுங்கள். மெழுகு உருகிக் காகிதத்தில் ஏறும். காகிதத்தை மாற்றி மாற்றி, கறை ஏறாதவரை செய்க. எம் பீடத்தின் முன் மட்டும் இதற்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் ஆயிற்று.

எண்ணெய்க் கறைக்கு, வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, சற்றுநேரம் ஊறவிட்டு, தேங்காய் நாராலோ முரட்டுத் தூரிகையாலோ தேய்த்துக் கழுவுக. ஆழ்ந்த கறையாயின் அதே கரைசலில் சுண்ணாம்புக்கல் மாவைக் குழைத்துக் களிபோல் அப்பி, உலர்ந்தபின் சுரண்டி எடுக்க வேண்டும். மாவு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் சோடா ஒரு துளியும் தங்காதபடி மும்முறை நல்ல நீரால் அலசுக.

துப்புரவு போதுமா என்பதைத் தரையே சொல்லும். கையால் சில துளி நீர் தெளித்துப் பாருங்கள். நீர் உடனே சுவறி, தரை கறுத்தால் அது வர்ணத்தைக் குடிக்க ஆயத்தமாய் இருக்கிறது. சேம்பிலைமேல் நீர்போல் உருண்டு நின்றால் இன்னும் எண்ணெயோ மெழுகோ உண்டு. அல்லது மேற்பரப்பு அளவுக்கு மீறி வழவழப்பாய் இருக்கிறது. "தரை வாயைத் திறந்தாத்தான் குடிக்கும்" என்பது எம் கொத்தனாரின் வாக்கு.

அந்த வாயைத் திறக்க அமிலம் ஊற்றுவார் பலர். நாம் அதனை இல்லங்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. அதன் ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும். கழிவறைக்கென வைத்திருக்கும் பிளீச்சிங் பொடியோடு அது தவறிக் கலந்துவிட்டால் நச்சு வாயு எழும். பெண்கள்மேல் அமிலம் வீசிய கொடுமைகளை முன்னிட்டு, அதன் சில்லறை விற்பனைக்கு 2013-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே கட்டுப்பாடு விதித்ததை நாம் அறிவோம். பத்துக்குப் பன்னிரண்டு அறையைச் சொரசொரப்பாக்க, கரடுமுரடான உப்புத்தாளும் நீரும் இரண்டு நாள் உழைப்பும் போதும்.

விரிசல்கள்

விரிசலைக் கண்டவுடன் அடைத்துவிடாதீர்கள். அது உறங்குகிறதா, நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு, அருகே தேதியைக் குறித்து வையுங்கள். சில வாரம் கழித்தும் அது அக்கோட்டைத் தாண்டவில்லையாயின் அடைக்கலாம். தாண்டினாலோ, ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்து நின்றாலோ, அடியில் மண் இறங்குகிறதென்று ஐயுற வேண்டும். அதற்கு மருந்து வர்ணத்தில் இல்லை; பொறியாளரையோ அனுபவமுள்ள கொத்தனாரையோ அழையுங்கள்.

அடைக்கும்போது, விரிசலை உளியால் சற்று அகலப்படுத்தி, உள்ளிருக்கும் தூளைத் தூரிகையால் எடுத்து, நீர் தெளித்து நனைத்து, சிமெண்டுப்பால் பூசி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் சேர்ந்த கலவையால் அழுத்தி நிரப்புக. அதன்மேல் ஈரச்சாக்குப் போட்டு ஏழு நாள் நனைக்க வேண்டும். இந்த ஒட்டும் புதுச் சிமெண்டே என்பதை மறவாதீர்கள். முன்சொன்ன 28 நாள் இதற்கும் பொருந்தும்.

பூசும் நாள்

எவ்வகை வர்ணம்? தரைக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். நீரில் கரையும் அக்ரிலிக் வகை வீட்டார் தாமே பூசுவதற்கு எளிது; வாடை குறைவு; தூரிகையைத் தண்ணீரிலேயே கழுவலாம். எப்பாக்சி வகை மிக உறுதியானது. ஆனால் அது இரண்டு டப்பாக்களாய் வரும். இரண்டையும் சொன்ன அளவில் கலந்தபின், குறித்த நேரத்துக்குள் பூசி முடிக்காவிட்டால் டப்பாவிலேயே இறுகிவிடும். ஈரத் தரைக்கு அது ஆகாது. வெயில் படும் திண்ணையில் நிறம் மங்கி மஞ்சளிக்கும். பழகிய கையிடம் அதனை விடுவதே மேல்.

அளவைக் கணக்கிட்டு வாங்குங்கள். எம் கூடம் 120 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 11 சதுர மீட்டர். ஒரு லிட்டர் வர்ணம் ஒரு பூச்சுக்கு 8 முதல் 10 சதுர மீட்டர் வரை வரும்; சொரசொரப்பான சிமெண்டில் அதற்கும் குறையும். ஆக இரண்டு பூச்சுக்கு மூன்று லிட்டர் போதியதாயிற்று. டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதை வாசித்த பின்னரே திறவுங்கள்.

காலை வேளையில், தரை குளிர்ந்திருக்கையில் தொடங்குக. உச்சிவெயிலில் சூடேறிய தரையில் வர்ணம் பரவுமுன்னே காய்ந்து கோடு விழும். சுவரோரங்களைத் தூரிகையாலும் நடுவை உருளையாலும் பூசுவது எளிது. வாசலுக்கு எதிர்மூலையில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்வாங்கி வாருங்கள். இல்லையேல் மூலையில் சிறைப்பட நேரும்! முதற்பூச்சு நீர்த்ததாய், தரை குடிக்கும்படி இருக்கட்டும். இரண்டாம் பூச்சு அது நன்றாய்க் காய்ந்தபின். கனமான ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு நெடுநாள் நிற்கும்.

இனி, எமக்கு மிக முக்கியமான செய்தி. இரண்டாம் பூச்சில், கழுவி உலர்த்திச் சலித்த நுண்மணலைச் சிறிதளவு கலந்துகொள்ளுங்கள். அடிக்கடி கிளறியபடி பூசுங்கள். அல்லது ஈரமான பூச்சின்மேல் மெல்லத் தூவுங்கள். வாசற்படியருகிலும், குளியலறைக்குப் போகும் வழியிலும், முதியோர் கட்டிலருகிலும் இது கட்டாயம். பார்வைக்குப் பளபளப்புக் குறையும்; ஆனால் காலுக்குப் பிடிப்பு இருக்கும்.

வர்ணம் பூசும் அறையில் நெருப்பு கூடாது. திண்ணர் கலந்த வர்ணத்தின் ஆவி எளிதில் பற்றிக்கொள்ளும். பீடத்து விளக்கையும் மெழுகுதிரியையும் அணைத்துவிடுங்கள். இறைவன் இதற்காக மனம் வருந்தமாட்டார். அந்நாள்களில் நாம் சுரூபத்தைத் திண்ணைக்குக் கொண்டுபோய் அங்கே செபமாலை சொன்னோம். தெருவில் போவோர் இருவர் மூவர் நின்று தாமும் சேர்ந்துகொண்டது எதிர்பாராத நன்மை.

பூசியபின் ஒரு நாள் முழுதும் எவரும் மிதிக்காதிருக்கட்டும். பின்பு வெறுங்காலோடு நடக்கலாம். கட்டிலும் பீரோவும் ஏழு நாள் கழித்தே உள்ளே வரலாம். அவற்றின் கால்களுக்கடியில் துண்டுத் துணி வைத்து, இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

எம் தவக்காலக் கணக்கு

2019-ஆம் ஆண்டில் நாம் செய்தது இது. சனவரிக் கடைசியில் விரிசல்களுக்குப் பென்சில் கோடிட்டோம். பிப்ரவரியில் பழைய வர்ணத்தைச் சுரண்டினோம்; நான்கு நாளில் பூசியதை எடுக்க மூன்று வாரம் ஆயிற்று. திருநீற்றுப் புதன் மார்ச் 6-இல் வந்தது. அதற்கு மறுநாள் மறுநாள், மார்ச் 8-இல், நகராத விரிசல்களை அடைத்தோம். ஒட்டு நனைந்து காய்ந்தபின், மாதக் கடைசியில் பிளாஸ்டிக் தாள் சோதனை. மூன்றிடத்தில் இரண்டு உலர்ந்திருந்தன. வெளிச்சுவர் ஓரம் மட்டும் வியர்த்திருந்தது. சுவரடியில் ஏறியிருந்த மண்ணை வெட்டியெடுத்து, நான்கு நாள் கடந்து மீண்டும் சோதித்து, உலர்ந்ததைக் கண்டோம். ஏப்ரல் 5, வெள்ளியன்று முதற்பூச்சு. மறுநாள் மணல் கலந்த இரண்டாம் பூச்சு. குருத்து ஞாயிறுக்கு முந்திய நாள், ஏப்ரல் 13-இல், கட்டில் உள்ளே வந்தது.

கறைபட்ட தரைமேல் அவசரமாய்ப் பூசிய பூச்சையும், ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாய்ச் சுரண்டிய அந்தத் தவக்காலத்தையும் எண்ணிப் பார்க்கையில், வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் கடிந்துரைத்தது எமக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு முன் அவ்வாசகத்தைக் கோவிலில் கேட்டபோதெல்லாம் அது வேறு எவரையோ குறித்ததென எண்ணியிருந்தோம். வருவோர் புகழவேண்டுமென்று தரையை மினுக்கினோம். அத்தரையில் அன்றாடம் நடந்தவர்களின் சொல்லைக் கேட்கவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஆயத்தம் செய்கையில், அவ்வாண்டு எமக்கு நெடுநேரம் சிந்திக்க வேண்டியிருக்கவில்லை.

பெரிய வியாழன் மாலை, கோவிலில் பாதம் கழுவும் சடங்கு முடிந்து இல்லம் திரும்பினோம். கட்டுப் பிரித்த கையோடு அன்னையார் வாசற்படியில் சற்று நின்றார்கள். சுவரை ஒரு கையால் பற்றிக்கொண்டு, செருப்பைக் கழற்றி, உள்ளங்காலால் தரையை முன்னும் பின்னுமாக இருமுறை தேய்த்துப் பார்த்தார்கள். நாம் மூச்சுவிடாமல் நின்றோம்.

"இப்போ கால் பிடிக்குதய்யா" என்றார்கள். சுவரை விட்டுவிட்டு, மெல்ல நடந்து, பீடத்தின் முன் தம் பழைய இடத்தில் போய் அமர்ந்தார்கள்.

அந்தத் தரை இன்றும் இருக்கிறது. 2023-இல் நடைபாதை தேய்ந்த இடத்தில் மட்டும் ஒரு பூச்சுப் புதுப்பித்தோம். பீடத்துக்கு அடியில் மெழுகு விழாதிருக்க ஒரு தட்டு வைத்திருக்கிறோம். உங்கள் இல்லத்தில் தரைக்கு வர்ணம் பூச எண்ணினால், கடைக்குப் போகுமுன் அத்தரையில் மிகுதியாய் நடமாடும் முதியவரையோ, தவழும் பிள்ளையின் தாயையோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

அடுத்த திங்கள், நிலைக்கதவில் ஏறும் கரையானைப் பற்றிப் பேசுவோம். உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். தச்சராகிய புனித சூசையப்பர் நம் இல்லங்களைக் காப்பாராக.